மைனஸ் முப்பதில் ஸ்டார்ட் எடுத்த வான்

1

இந்தக் கிழமையோடு ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் எங்கள் பழைய வான் ஒரு காலைகூட எங்களைக் கைவிடவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு செய்தியாகவே தெரியாது. திருகோணமலையில் காலையில் வாகனம் ஸ்டார்ட் எடுத்ததை யார் எழுதி அனுப்பப் போகிறார்கள்? சாவித் திறப்பைத் திருகினால் எடுக்கும், எடுக்காவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடுவார்கள். ஆனால் நாங்கள் இருப்பது கனடாவின் நடுப்பகுதியில். வின்னிப்பெக் நகரத்துக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு இடையில் ஒரு சின்ன ஊர். தை மாதத்தில் ஈரத் துவாயை வெளியே போட்டால் சற்று நேரத்தில் அது பலகையாகிவிடும். மூச்சு விட விடக் கண்ணிமையில் பனி கட்டும். இங்குள்ள வாகனங்களின் முகப்பிலிருந்து ஒரு மின்சார வயர் தொங்கும். இரவில் அதை வீட்டுச் சுவரில் செருகி, எஞ்சினை இளஞ்சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

பாலையூற்றில் இருக்கும் என் அண்ணாவுக்கு முதன்முதலில் இதைப் போனில் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? வானுக்கும் ஹீற்றரோ?"

"ஓம் அண்ணா. பற்றரிக்குப் போர்வையும் இருக்கு."

"அப்ப விடிய எழும்பினோண்ண அதுக்குத் தேத்தண்ணியும் ஊத்திக் குடுக்க வேணுமாக்கும்."

அவருடைய வீட்டில் எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். அப்போது வான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

2

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் கிளிவெட்டிக்காரர். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மகள் நிலானி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நாங்கள் இங்கே வந்தோம். இவர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான். மகள் படித்து முடித்து, தொரொன்ரோவில் ஒரு வங்கியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் இவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன.

கிழமைக்கு மூன்று நாள், காலையில், நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். இயந்திரத்தில் ஒரு தவணை தவறினால் கால் வீங்கும். உடம்பில் தண்ணீர் தங்கி மூச்சு இழுக்கும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை டாக்டர் எங்களுக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

முந்தின வருஷம் கார்த்திகை மாதத்தில், முதல் கடுங்குளிர் வந்த காலை, வான் முனகியது. திறப்பைத் திருகினால் வழக்கமான அந்தச் சுறுசுறுப்பான சத்தம் இல்லை. சோம்பேறி ஒருவனை அடித்து எழுப்பினால் புரண்டு படுப்பானே, அப்படி ஓர் இழுவை. பல தடவை திருகியபின் எடுத்தது. அடுத்த கிழமை அதுவும் இல்லை.

இழுத்துச் செல்லும் லொறியைக் கூப்பிட்டுக் கராஜில் கொண்டுபோய் விட்டோம். கராஜ்காரர் நல்ல மனிதர், பொறுமைசாலி. உள்ளே சூட்டில் இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்துவிட்டுத் திருகினார். முதல் திருகலிலேயே வான் பாடியது. புதுப் பற்றரி போட்டார். முனைகளைப் பளபளவென்று துடைத்தார். ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றிச் சோதித்துவிட்டு, அதில் பிழை இல்லை என்று திருப்பிப் பூட்டினார். வீட்டுக்கு வந்து முற்றத்தில் ஓர் இரவு நின்றதும் வான் பழையபடி புரண்டு படுத்தது. மறுபடி லொறி, மறுபடி கராஜ், மறுபடி பாட்டு.

சரி, வானை விடுவோம், நோயாளிகளை ஏற்றிப் போகும் அரசாங்க வாகனத்தைக் கேட்போம் என்று விண்ணப்பித்தோம். "உங்கள் பெயரில் ஒரு வாகனம் பதிவாகியிருக்கிறது, ஆகவே தகுதி இல்லை" என்று பதில் வந்தது. போனில் கூப்பிட்டு அந்த வாகனம் ஸ்டார்ட் எடுப்பதில்லை என்றேன். அப்படியானால் கராஜிலிருந்து அதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கராஜ்காரரிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "என்னுடைய இடத்தில் அது ஒவ்வொரு முறையும் எடுக்கிறதே அம்மா, எடுக்கவில்லை என்று நான் எப்படி எழுதிக் கையெழுத்து வைப்பேன்?" என்று கேட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

இவர் கந்தோர்க்காரர் அல்லவா, விடவில்லை. மேன்முறையீடு ஒன்று எழுதினார். "மிகத் தாழ்மையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்" என்ற பாணியில், எங்கள் ஊர்க் கந்தோர் ஆங்கிலத்தில், மூன்று பக்கம். சில நாள் கழித்து ஒரு பெண்பிள்ளை போன் எடுத்து, "இதை எழுதியவர் உங்கள் வழக்கறிஞரா?" என்று பயந்த குரலில் விசாரித்தாள். இவருக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமை. வாகனம் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவனும் கிழவியும் குளிருக்குப் பயந்து தெற்கே போயிருந்தார்கள். வான் எடுக்காத நாட்களில் நகரத்திலிருந்து டாக்ஸி இவ்வளவு தூரம் வர வேண்டும், கடுங்குளிர்க் காலையில் அதுவும் வந்தால்தான் உண்டு. மார்கழியில் ஒரு நாள் வான் எடுக்கவில்லை, டாக்ஸியும் வரவில்லை. இவருக்கு ஒரு தவணை தவறியது. அன்று பின்னேரம் சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. படுத்தால் மூச்சு வரவில்லை என்று கதிரையிலேயே இருந்தார். அடுத்த தவணையில் தாதி அவருடைய காலை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னொரு தரம் இப்படி நடக்கக் கூடாது" என்றாள். ஏச்சு ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

3

நான் எப்படி வானின் எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்தேன் என்பது புரிய வேண்டுமென்றால் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா உள்துறைமுகத்துக்குப் போகும் றோட்டில் பற்றரி சார்ஜ் பண்ணும் கடை வைத்திருந்தார். கரண்ட் இல்லாத காலம் அது. வீட்டில் ஒரு லைட்டுக்கும் றேடியோவுக்கும், படகுக்கும், லொறிக்கும் பற்றரிதான். கிண்ணியாவிலிருந்து சனம் துறை கடந்து பற்றரியைத் தூக்கிக்கொண்டு வரும். சல்லியிலிருந்து மீன்பிடிக்காரர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணா தூக்கி இறக்குவார், நான் தண்ணீர் விட்டு, வயர் கொழுவி, முனைகளைச் சுரண்டுவேன். பெண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். அப்பாவுக்கு ஆள் தேவை, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

எனக்குச் சின்னக் கை. லொறி எஞ்சினின் பின்பக்க இடுக்குகளுக்குள் அண்ணாவின் கை போகாது. என் கை போகும். "தங்கச்சியைக் கூப்பிடு" என்று சொல்லாத லொறிக்காரர் எங்கள் றோட்டில் இல்லை.

ஒருமுறை கிண்ணியா லத்தீப் காக்காவின் ஐஸ் லொறி எங்கள் கடை வாசலில் நின்றுவிட்டது. பெட்டி நிறைய மீன், மேலே வெயில். புதுப் பற்றரி மாற்றியும் எடுக்கவில்லை. காக்கா திரும்பத் திரும்பத் திறப்பைத் திருகிக்கொண்டிருந்தார். நான் வயரைத் தடவிக்கொண்டு போனவள், "ஆ!" என்று கையை இழுத்தேன். ஓர் இடம் கொதித்தது.

"காக்கா, பற்றரியில பிழை இல்லை. இந்த எர்த் வயர் உள்ளுக்க செத்துப்போச்சு. கரண்ட் போக வழியில்லாமல் இங்கினதான் நிண்டு கொதிக்குது."

"என்ன மகள், வெளியால புதுசு மாதிரிக் கிடக்கே!"

"வெட்டிப் பாருங்கோ."

வெட்டினார். கறுப்புத் தோலுக்குள் செம்பு பச்சைக் களிம்பாகிக் கொட்டியது. எல்லாம் கடல் உப்புக் காற்றின் வேலை. திருகோணமலையில் செம்பு, இரும்பு எதுவாக இருந்தாலும் உப்பு ஒருநாள் வந்து பங்கு கேட்கும். புது வயர் போட்டு லொறியை அனுப்பினோம். அன்று பின்னேரம் காக்கா ஒரு பெரிய பாரை மீனோடு திரும்பி வந்தார்.

இதையெல்லாம் நான் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. பள்ளிக்கூடக் குசினியில் என்னைச் சூப் நன்றாக வைக்கிற பெண்ணாகத் தெரியும். சொல்லப்போனால், குளிர் நாட்டு எஞ்சினுக்கும் நான் அறிந்த எஞ்சினுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை. இங்கே எல்லா வியாதிக்கும் குளிர்தான் காரணம் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல, நானும் அதை நம்பிவிட்டேன்.

4

நிலானி அந்த நாட்களில் என்னோடு கதைப்பது குறைந்திருந்தது. கோபம் என்று இல்லை, வேலை. நான் அனுப்பும் நீளமான செய்திகளுக்குப் பெருவிரல் படம் ஒன்று வரும். கதைத்தாலும் பாதிக்கு மேல் ஆங்கிலம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் விளங்கும். ஆனாலும் ஏதோ ஒன்று இடையில் விழுந்துவிடும்.

தவணை தவறிய செய்தி போனதும் அவளே கூப்பிட்டாள். அழுதிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது.

"அம்மா, ப்ளீஸ். அந்த வானை ஸ்க்ராப்புக்குக் குடுத்திட்டு இங்க வாங்கோ. நான் கிட்டவே ஒரு அப்பார்ட்மெண்ட் பாத்திட்டன். ஹொஸ்பிட்டல் நடந்து போற தூரம். வீட்டை வித்திடலாம்."

"அப்பாவுக்கு இந்த ஆஸ்பத்திரி பழகிப்போச்சு பிள்ளை. எனக்கும் வேலை இருக்கு."

"அம்மா, வட் இஃப் ஹீ டைஸ்?"

அவள் அதை ஆங்கிலத்தில்தான் கேட்டாள். தமிழில் கேட்க அவளுக்கு வாய் வந்திருக்காது. தை மாதக் கடைசியில் விமானம் ஏறி வருவதாகவும், வீடு விற்றுத் தருபவரைச் சந்திக்க நாள் எடுத்திருப்பதாகவும் சொல்லிவிட்டு வைத்தாள்.

இவரிடம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"நீங்கள் சொல்லுங்கோ."

"பிள்ளை சொல்லுறது சரிதான். ஆனா எனக்கு அங்க போய் ஒரு சாமான் மாதிரி மூலையில இருக்க விருப்பமில்லை."

இந்த வீட்டை வாங்கிய அன்று சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தவர் அவர்.

5

ஊரில் நீங்கள் பொங்கலுக்குப் பானை வாங்கும் கிழமையில், குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கியது. அன்று இவருக்குத் தவணை நாள். இங்கே அந்த மாதத்தில் காலை எட்டு மணிக்கும் வெளியே கறுப்பாகத்தான் இருக்கும். இவர் மேலங்கிகளைப் போட்டுக்கொண்டு வாசல் கதிரையில் ஆயத்தமாக இருந்தார். நான் வெளியே போய், சுவரிலிருந்து வயரைக் கழற்றி, வானுக்குள் ஏறித் திறப்பைத் திருகினேன்.

ஊ...ங். ஊ...ங். அதே முனகல்.

முற்றம் தெரிவதற்காக முன் லைட்டைப் போட்டிருந்தேன். அணைக்க மறந்துபோய்விட்டது. வானுக்கு முன்னால் நான் வாரிக் குவித்த பனி சுவர்போல நின்றது. லைட் வெளிச்சம் அதில் வெள்ளையாக அடித்தது. நான் திருகினேன். வான் முனகியது. வெளிச்சம் அப்படியே நின்றது.

கையை எடுத்தேன். திரும்பவும் திருகினேன், இந்த முறை எஞ்சினைக் கவனிக்காமல் பனிச் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு. வெளிச்சம் மங்கவே இல்லை.

பற்றரியில் பலம் இல்லையென்றால், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது லைட் செத்துப் போக வேண்டும். எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே அப்பா காட்டிய விஷயம். லைட் மங்காவிட்டால் பற்றரியில் பலம் இருக்கிறது, அது எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இறங்கிப் பொனற்றைத் திறந்து டோர்ச் அடித்தேன். பற்றரியின் மைனஸ் முனையிலிருந்து இரண்டு கறுப்பு வயர்கள் போகின்றன. மெல்லியது வானின் உடம்புக்கு. லைட்டெல்லாம் அதில்தான் ஓடும். தடித்தது எஞ்சினுக்கு. ஸ்டார்ட்டரின் பாரம் முழுவதும் அதில். பற்றரி, தட்டு, வயர், எல்லாவற்றிலும் உறைபனி மாவு தூவியதுபோலப் படிந்திருந்தது. அந்தத் தடித்த வயரில் மட்டும், முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓரிடத்தில் பனி இல்லை. ஈரமாக இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன்.

சூடு.

அந்தக் குளிரில், விரல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் காலையில், அந்த ஓர் இடம் காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சூடாக இருந்தது. நான் தனியே நின்று, "ஐயோ, லத்தீப் காக்கா!" என்று சத்தமாகச் சொன்னேன்.

கடல் இல்லாத ஊரில் உப்பு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். இங்கே றோட்டில் பனி கட்டாமலிருக்க லொறி லொறியாக உப்புக் கொட்டுகிறார்கள். டயர் அதைக் கரைத்து அள்ளி, குளிர்காலம் முழுக்க எஞ்சினுக்குள் அடிக்கும். எத்தனை குளிர்காலம் கண்ட வான் எங்களுடையது! கராஜில் முனையைத்தான் துடைத்திருந்தார்கள். வாய் சுத்தம், வியாதி தொண்டைக்குள் இருந்தது. சூட்டில் எஞ்சின் ஒயில் இளகி இருக்கும், ஸ்டார்ட்டருக்குப் பாரம் குறைவு, பழுதான வயரே போதும். குளிரில் ஒயில் பாகு மாதிரித் தடித்துவிடும், பாரம் கூடும், அப்போது வயர் ஏலாது என்றுவிடும். கராஜ்காரரின் சூட்டில் இந்த வியாதி வெளியே வரவே வராது. பிறகொரு நாள் அந்த வயரை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தானும் இனிமேல் இப்படிப்பட்ட வாகனத்தை ஓர் இரவு வெளியே விட்டுத்தான் சோதிக்கப் போவதாகச் சொன்னார்.

அன்று காலைக்கு வருகிறேன். பின் ஆசனத்துக்கு அடியில் ஜம்பர் வயர் இருந்தது. அதன் ஒரு கவ்வியைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றக் கவ்வியை எஞ்சினின் வெறும் இரும்பிலும் மாட்டினேன். பழுதான வயருக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுப் பாதை, அவ்வளவுதான். ஏறித் திறப்பைத் திருகினேன்.

முனகல் இல்லை. கிர்ர்ர் என்று சுழன்று, அடுத்த மூச்சில் எஞ்சின் பற்றிக்கொண்டது. வான் ஒருமுறை குலுங்கி, பெரிய புகை மேகம் ஒன்றைப் பின்னால் விட்டது.

வாசல் கதவு திறந்தது. இவர் கதிரையிலிருந்து எழும்பி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்திட்டுதோ?"

"ஓம்! எர்த் வயர்! எர்த் வயர் செத்துப்போச்சு!"

"எந்த வயரெண்டாலும் பரவாயில்லை. நீர் அதை நிப்பாட்டிப்போடாதையும்!"

6

எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் பழைய வயரே மிச்சத்தைத் தாங்கும். கவ்விகளைக் கழற்றிக்கொண்டு கிளம்பினோம். வழி நெடுக இவர் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். இவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டபோது தாதி, குளிரால் ஒருவரும் இன்னும் வரவில்லை, நீங்கள்தான் முதல் என்றாள். இவர் சக்கர நாற்காலியில் ஓர் அமைச்சரைப்போல உள்ளே போனார்.

நான் வானை நிறுத்தவில்லை. ஓடும் எஞ்சினோடு பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். வாகனச் சாமான், வீட்டுச் சாமான், தோட்டச் சாமான் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை. எஞ்சினை ஓடவிட்டு, மற்றத் திறப்பால் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

"எனக்கு எர்த் வேண்டும், மிகவும் அவசரம்" என்றேன், அங்கே நின்ற ஆளிடம், என்னுடைய ஆங்கிலத்தில்.

அவர் என்னைப் பார்த்தார். வெளியே மைனஸ் முப்பது. ஆனாலும் மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனார். பனி அள்ளும் மண்வெட்டிகளைத் தாண்டி, கடையின் கடைசி மூலையில், பூச்செடிக்குப் போடும் மண் பைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சின்னப் பையா, பெரிய பையா?"

"இல்லை, இல்லை. வான்! பற்றரி! கறுப்பு வயர், எஞ்சினுக்குப் போவது!" கையாலும் காட்டினேன்.

"ஓ... கிரவுண்ட்!" என்றார் அவர்.

எங்கள் ஊரில் கிரவுண்ட் என்றால் பெடியங்கள் பந்தடிக்கும் இடம். இவர்கள் அதை வயருக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எர்த், இவர்களுக்குக் கிரவுண்ட், இரண்டு பேரும் சொல்வது மண்ணைத்தான். இதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு ஒரு கடைக்குள் நின்று அப்படிச் சிரித்தேன். அளவுக்குச் சரியான தடித்த வயரையும் ஆணி கழற்றும் ஸ்பனரையும் அவரே தேடி எடுத்துத் தந்தார்.

வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து வானுக்குள் ஏறினேன். வயரை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும். நான் நினைத்தது பிழையென்றால் வான் இங்கேயே கிடக்கும், இவர் அங்கே கிடப்பார். கொஞ்ச நேரம் திறப்பைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு நிறுத்தினேன்.

கையுறையோடு ஆணி பிடிபடவில்லை. கழற்றிவிட்டு, சற்று நேரம் வேலை, சற்று நேரம் கையை அக்குளில் வைத்துச் சூடாக்குவது, மறுபடி வேலை. எஞ்சின் பக்கத்து ஆணி ஓர் இடுக்குக்குள் இருந்தது. என் கை போனது. பழைய வயரைக் கழற்றி, சூடாக இருந்த இடத்தைக் கத்தியால் கீறினேன். பச்சைக் களிம்பு வெள்ளைப் பனியில் கொட்டியது. முழு வயரில் மிஞ்சியிருந்தது தலைமயிர்போல நாலைந்து செம்பு இழைதான். இவ்வளவு நாளும் என் கணவருடைய உயிர் அந்த நாலைந்து இழையில் தொங்கியிருக்கிறது.

புது வயரைப் பூட்டித் திருகினேன். எடுத்தது. ஆனால் நான் கும்மாளம் போடவில்லை. எஞ்சின் இன்னும் சூட்டில் இருந்தது. சூட்டில் எடுத்ததை நம்பித்தான் இரண்டு மாதம் கெட்டோம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, தரிப்பிடத்தின் திறந்த மேல்தளத்தில், காற்று நேரே அடிக்கும் மூலையில் வானை விட்டேன். எஞ்சினை நிறுத்தி, எந்தச் சுவரிலும் எந்த வயரையும் செருகாமல், நன்றாக விறைக்கட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போனேன்.

7

இவருக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தேன். வயரின் கதையைச் சொன்னேன். மண் பைக் கதைக்கு, ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது என்று தாதி அதட்டும்வரை சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப வீட்டை விக்கத் தேவையில்லை" என்றார். அது கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் ஒரு சோதனை மிச்சம் இருந்தது.

இயந்திரம் முடியும் நேரம் நெருங்கியதும் தனியாக வெளியே வந்தேன். வான் கண்ணாடி முழுக்கப் பனி பூத்து, கல்லாக நின்றது. கதவு ஒட்டிக்கொண்டு, இழுக்கத் திறந்தது. உள்ளே ஏறி இருந்தேன். ஆசனம் பலகை மாதிரி இருந்தது. பொனற்றின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். ஒரு சொட்டுச் சூடும் இல்லை.

நிலானியைக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா? வட் ஹாப்பண்ட்? அப்பாவுக்கு என்ன?"

"அப்பா நல்லா இருக்கிறார். உள்ளுக்க. நீ ஒண்டும் கதையாதை. கேள்."

போனைத் திறப்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு திருகினேன்.

கிர்ர்ர். ஓர் இழுவை இல்லை, ஒரு தயக்கம் இல்லை. அந்த விறைத்த இரும்பு முழுவதும் ஒரே துள்ளலில் எழும்பி உறுமியது. பக்கத்து வாகனத்தின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தேன், அழுதேனோ தெரியவில்லை. அந்தக் குளிரில் இரண்டுக்கும் கண் ஒரே மாதிரித்தான் எரியும்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நிலானி? கேட்டதோ?"

"அது எங்கட வானா அம்மா?"

"எங்கட வான்தான். வெளியில கிடந்து விறைச்சுப் போயிருந்தது. நான்தான் திருத்தினனான்."

"நீங்களா? தனியவா?"

"ஓம். தனிய."

அவளுக்குப் பின்னால் அலுவலகத்தின் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ அவளை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பதில் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, சின்ன வயதில் கதை கேட்கும்போது சொல்லுவாளே, அதே குரலில் சொன்னாள்.

"இன்னொருக்கா அம்மா. இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ."

நான் எஞ்சினை நிறுத்தினேன். ஒரு நிமிஷம் வெள்ளையாக, அமைதியாக இருந்தது எல்லாம். பிறகு திறப்பைத் திருகினேன்.